இப்னு பதூதா நடந்த கரையோரம்: ஒரு கல்விச் சுற்றுலாவும் ஒரு பழைய பயண நூலும்

முன்னுரை

கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பொகவந்தலாவை. கடலை நேரில் காணாமலே பெரியவர்களானோர் இங்கு பலர் உண்டு. ஆனால் எங்கள் கடைத்தெருவில் கடல் மணக்காத நாளில்லை. வாப்பாவின் பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் கருவாட்டு மூட்டைகளும் உப்பு மூட்டைகளும் அடுக்கியிருக்கும். சம்பள நாளில் தோட்டத்திலிருந்து வருவோர் அரிசி, மாவு, சீனிக்கு அடுத்ததாகக் கேட்பது கருவாடுதான்.

கடந்த பெப்ரவரி மாதம் எமது கல்லூரியின் உயர்தரக் கலைப்பிரிவு மாணவியருக்கு இரண்டு நாள் கல்விச் சுற்றுலா ஒன்று ஏற்பாடானது. புத்தளம், கற்பிட்டி, முந்தல், உடப்பு, சிலாபம் ஆகிய கரையோரச் சிற்றூர்கள்தாம் எமது பாதை. பெற்றோரின் அனுமதிக் கடிதத்துடன் விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வாப்பா அதைப் படித்துவிட்டு மேசை மீது வைத்தார்.

"ரெண்டு நாளைக்கு வெளியில தங்கணுமா? படிக்கிறதுக்குக் கடற்கரைக்குப் போகத்தான் வேணுமா?" என்று கேட்டார்.

அப்போது என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குத் துணையாக, ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன் அதே கரையோரத்தில் ஒரு குழுவாகப் பயணம் செய்த ஒருவரின் நூலை எடுத்துக்கொள்கிறேன்.

யார் இந்த இப்னு பதூதா?

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு மொரோக்கோ நாட்டின் தஞ்சீர் நகரில் பிறந்தவர். 1325இல், தமது இருபத்தொன்றாவது வயதில், ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டார். மக்காவை அடைந்த பின்பும் அவரது கால்கள் ஓயவில்லை. எகிப்து, சிரியா, பாரசீகம், கிழக்கு ஆபிரிக்கா, மத்திய ஆசியா என அலைந்து டில்லிக்கு வந்தார். அங்கு சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாகப் பணிபுரிந்தார். பின்னர் மாலைதீவிலும் காழியாக இருந்தார். மாலைதீவிலிருந்து தமிழகத்தின் கிழக்குக் கரையான மஃபர் நோக்கிக் கப்பலேறியபோது வழி தவறி, ஒன்பதாம் நாள் இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தார். அது 1344ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 745.

சுமார் முப்பது ஆண்டுகள் அலைந்து ஊர் திரும்பிய பின், மொரோக்கோ சுல்தானின் கட்டளைப்படி தமது அனுபவங்களை அவர் வாய்மொழியாகச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் அவற்றை எழுதினார். 1355இல் நிறைவு பெற்ற அந்நூலே 'ரிஹ்லா' என அழைக்கப்படுகின்றது. ரிஹ்லா என்றால் பயணம் என்று பொருள்.

இங்கே மாணவியர் மனத்தில் கொள்ள வேண்டிய ஒரு விடயம் உண்டு. இலங்கையை விட்டுச் சென்ற பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையில் கடற்கொள்ளையர் அவரை மறித்து, இலங்கை அரசர் கொடுத்த இரத்தினங்கள் உட்பட அனைத்தையும் பறித்துக்கொண்டனர். ஆகவே இலங்கையைப் பற்றி அவர் சொன்னவை, ஏறக்குறைய பதினொரு ஆண்டுகளின் பின் பெரும்பாலும் நினைவிலிருந்து சொன்னவையாகவே இருக்க வேண்டும். அதை மறவாமல் வாசித்தால்தான் அந்நூலின் பயனும் புரியும், பிழையும் புரியும்.

முப்பத்திரண்டு பேரும் ஒரு பல்லக்கும்

இப்னு பதூதாவின் கப்பல் கரையை நெருங்கியபோது மாலுமிகள் இறங்க அஞ்சினார்கள். அந்தத் துறைமுகம் ஆரியச்சக்கரவர்த்தி என்னும் அரசருடையது. அவர் கடலில் கப்பல்களைப் பிடிக்கக் கூடியவர் என்ற அச்சம் அவர்களுக்கு. யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுள் ஒருவரே இவர். இப்னு பதூதா தாமே முன்வந்து இறங்கி அரசரைச் சந்தித்தார். அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது. மூன்று நாள் விருந்தோம்பலின்போது அரசர் முத்துக்களைக் காட்டி, அவற்றைப் பற்றிக் கேட்டார், பரிசாகவும் கொடுத்தார். பின்னர், வேறு என்ன வேண்டும் என்று வினவினார்.

விருந்தாளி பொன்னும் கேட்கவில்லை, பொருளும் கேட்கவில்லை. ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவடு இருப்பதாக நம்பப்படும் மலையைத் தரிசிக்க வழி செய்யுமாறு மட்டும் கேட்டார். எங்கள் பகுதி முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், தமிழர் சிவனொளிபாதமலை என்றும், சிங்களவர் ஸ்ரீ பாத என்றும் சொல்லும் அதே மலைதான்.

அரசர் அவருக்கென ஒரு குழுவைச் சேர்த்துக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசரின் ஆட்கள் பத்துப் பேர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேர். மொத்தம் முப்பத்திரண்டு பேர். இவர்களைவிட, இப்னு பதூதா அமர்ந்து செல்ல ஒரு பல்லக்கும் அதைத் தோளில் சுமக்க அடிமைகளும் இருந்தனர்.

ஒரு முஸ்லிம் பயணி, இந்து அரசர், வழிகாட்ட யோகியர், போய்ச் சேரும் இடமோ பௌத்தரும் போற்றும் மலை. இன்று நாம் மேடைகளில் பேசும் இன நல்லிணக்கம் அன்று ஒரு பாதையில் சேர்ந்து நடந்திருக்கிறது என்று எங்கள் வரலாற்று ஆசிரியை வகுப்பில் சொன்னார்.

ஊர்ப் பெயர்களில் ஒரு பாடம்

சுற்றுலாவுக்கு மூன்று வாரங்கள் முன்னரே 'ரிஹ்லா'வின் இலங்கைப் பகுதியை ஆசிரியை எமக்கு வாசித்து விளக்கினார். நூலிலுள்ள ஊர்ப் பெயர்களை இன்றைய பெயர்களுடன் பொருத்திப் பார்க்கும்படி பணித்தார். இதில் நாங்கள் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

அரபு மொழியில் 'ப்' என்ற வல்லின ஒலிக்குத் தனி எழுத்தில்லை. 'ச்' என்பதை அழுத்தி உச்சரிக்கும் ஒலியும் இல்லை. எனவே வேற்றுமொழிப் பெயர்கள் அரபில் எழுதப்படும்போது ஒலி மாறிவிடும். அரசரின் தலைநகராக நூலில் வரும் 'பத்தாலா' என்பதைப் புத்தளம் என ஆய்வாளர் கொள்வர். மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் கொண்ட, அழகிய சிறிய நகரம் என்கிறார் இப்னு பதூதா. அதன் கரையெங்கும் ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் குன்றுபோல் கிடந்தனவாம்.

அடுத்து வரும் 'மனார் மண்டலி' இன்றைய முந்தல் பகுதியாக இருக்கலாம் என்பர். அதன் பின் வருவது 'பந்தர் சலாவாத்'. பந்தர் என்றால் துறைமுகம். சலாவாத் என்பது சிலாபம். முத்துக்குளித்தலைக் குறிக்கும் 'சலாபம்' என்ற சொல்லிலிருந்தே சிலாபம் என்ற பெயர் வந்தது என்பாரும் உண்டு.

திரும்பும் வழியில் வரும் 'காலி'யை அடையாளம் காண எமக்கு எந்த ஆய்வாளரும் தேவைப்படவில்லை. தமிழில் நாம் இன்றும் காலி என்றுதான் சொல்கிறோம். 'கலன்பூ' கொழும்பு. 'தீனவர்' தெற்குக் கரையிலுள்ள தெவிநுவர. ஆனால் மலைக்குச் செல்லும் வழியில் வரும் 'குனகார்' எந்த ஊர் என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. குருநாகல் என்பாரும் உளர், கம்பளை என்பாரும் உளர். எல்லாப் பெயருக்கும் விடை கிடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் வரலாறு படிப்பவருக்குக் கூடாது என்பதையும் இதில் கற்றோம்.

எமது பயணம்

வாப்பா இறுதியில் கையொப்பம் இட்டார். அதற்கு உம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். "நம்மட கடைக்கு வாற கருவாடெல்லாம் கற்பிட்டிப் பக்கம் இருந்துதானே வருது? நீங்க இருபத்தஞ்சு வருஷமா விக்கிறீங்க. ஒருக்காலும் அந்த ஊரைப் பாத்ததில்ல. புள்ளயாச்சும் பாத்துட்டு வரட்டுமே" என்றார். வாப்பா சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

நாற்பத்திரண்டு மாணவியரும் நான்கு ஆசிரியைகளும் ஒரு பஸ்ஸில் அதிகாலையில் கண்டியிலிருந்து புறப்பட்டோம். வருவதாக இருந்த இரண்டு தோழியர் வரவில்லை. அவர்களது அனுமதிக் கடிதங்களில் கையொப்பம் கிடைக்கவில்லை. அவர்களுக்காகவும் குறிப்பெடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

ஏழு ஏழு பேராக ஆறு குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். ஊர்ப் பெயர்கள், தூரமும் நேரமும், உணவு, தொழில்கள், வணக்கத்தலங்கள், மனிதர்கள் என ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைப்பு. எங்கள் குழுவுக்குக் கிடைத்தது மனிதர்கள்.

குருநாகல், நிக்கவெரட்டிய தாண்டியதும் மலை காணாமற் போனது. வளைவே இல்லாத பாதையில் பஸ் நேராகப் போவதே எனக்குப் புதுமையாக இருந்தது. வளைவுகளில் வாந்தி எடுத்துப் பழகிய நாங்கள் யாரும் அன்று வாந்தி எடுக்கவில்லை. புத்தளத்தை நெருங்க வெயிலின் நிறமே மாறியது. பாலாவிப் பக்கம் உப்பளங்களைக் கண்டோம். பாத்தி பாத்தியாகக் கடல்நீரைத் தேக்கி வெயிலில் காயவிட, நீர் ஆவியாகி உப்பு படிகிறது. மலைநாட்டில் மழை எங்களுக்குத் தேயிலை தருகின்றது. இங்கே மழை இல்லாமையே இவர்களுக்குச் சோறு போடுகின்றது. எதிர்பாராமல் பெய்யும் ஒரு மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும் என்று அங்கு வேலை செய்தவர் ஒருவர் சொன்னார்.

பாலாவியில் திரும்பினால் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில் கற்பிட்டி. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய நிலம். வழியில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை இன்றும் இருக்கின்றது.

இந்தச் சிறிய ஊரில்தான் 1807ஆம் ஆண்டு சைமன் காசிச்செட்டி பிறந்தார். 1834இல் இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மலைகள் பற்றிய விவரங்களை அகர வரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர் அவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் 1859இல் தந்தவரும் அவரே. வெளியிலிருந்து வந்து பார்த்துச் சொன்னவர் இப்னு பதூதா. உள்ளூரிலே பிறந்து எழுதியவர் காசிச்செட்டி. ஓர் ஊரைப் பற்றி அறிய இருவகை எழுத்தும் தேவை.

அன்றிரவு புத்தளத்தில் ஒரு பாடசாலையில் தங்கினோம். அப்பகுதியில் வாழும் தாய் ஒருவர் எம்முடன் பேச வந்தார். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்ட மக்கள் சில நாட்களில் ஊர் இழந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்களில் பெருந்தொகையினர் படகுகளில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அந்தத் தாயும் சிறுமியாக அப்படி வந்தவர்.

"உம்மாட மடியில இருந்தேன். தண்ணி கேட்டு அழுதது மட்டும் ஞாபகம் இருக்கு. கரையில இறங்கினதும் இந்த ஊராக்கள்தான் கஞ்சி காய்ச்சித் தந்தாங்க" என்றார். பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்து, "நீங்க எல்லாரும் ஆசப்பட்டு வந்த பயணம்தானே? அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அதற்குப் பின் நெடுநேரம் நாங்கள் எவரும் கதைக்கவில்லை. இப்னு பதூதா இறங்கியதாகச் சொல்லப்படும் அதே கரையோரத்தில், 646 ஆண்டுகளின் பின், விரும்பாத ஒரு பயணம் முடிந்திருக்கிறது. பயணம் என்ற சொல்லுக்குள் இரண்டும் அடங்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மறுநாள் முந்தல் வழியாக உடப்புக்குச் சென்றோம். திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற தமிழ் மீனவக் கிராமம் அது. கடற்கரையில் ஆண்கள் இரு வரிசையாக நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மீனைக் கீறிக் கழுவி, உப்பிட்டு, விரித்த பாய்களில் காயவைத்தார்கள். அவர்களில் ஒருவரிடம் நாங்கள் பேச்சுக் கொடுத்தோம்.

"எந்த ஊரு புள்ளைங்க?"

"நான் பொகவந்தலாவை. மலைநாடு."

"தேயிலை ஊரா? எங்க கருவாடு ஒங்க பக்கந்தான் லொறியில போகுது. ஒங்க தேயிலை இங்க வருது. ஆளுங்கதான் போறதுமில்ல, வாறதுமில்ல" என்று சொல்லி, காய்ந்த நெத்தலி ஒரு கை அள்ளித் தாளில் சுற்றித் தந்தார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

முந்தலில் தாம் வேறு முஸ்லிம்களைக் காணவில்லை என்றும், நோயினால் அங்கேயே தங்கிவிட்ட குராசான் நாட்டவர் ஒருவரை மட்டும் கண்டதாகவும், அவரும் தம்முடன் சேர்ந்துகொண்டதாகவும் இப்னு பதூதா சொல்கிறார். அவ்வூரார் எருமைக் கன்று இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று தம்மை உபசரித்ததையும் மறக்காமல் குறிப்பிடுகிறார். பதினொரு ஆண்டுகளின் பின்னும் அவருக்கு அந்தச் சாப்பாடு நினைவிருந்திருக்கின்றது. எனக்கும் அந்த ஒரு கை நெத்தலி மறக்காது.

சிலாபத்தில் மீன் சந்தையைப் பார்த்துவிட்டு, கரையை விட்டு நாட்டின் உட்புறமாகத் திரும்பினோம். இப்னு பதூதாவின் குழுவும் சிலாபத்தின் பின்னரே காட்டு வழியில் திரும்பி மலையை நோக்கிச் சென்றது.

மலையும் ஒரு கணக்கும்

மலையில் ஏறுவோர் பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலிகள் பத்து இருந்தன என்றும், பாவா வழி, மாமா வழி என இரு பாதைகள் இருந்தன என்றும் அவர் சொல்கிறார். பாவா என்பது ஆதம் (அலை) அவர்களையும் மாமா என்பது ஹவ்வா (அலை) அவர்களையும் குறிக்கும். மாமா வழி இலகுவானது. பாவா வழி கடினமானது. அட்டைக் கடியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதை வாசித்தபோது மலைநாட்டு மாணவியர் எல்லோரும் சிரித்துவிட்டோம். அட்டையைப் பற்றி எங்களுக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அம்மலையைக் கடலில் ஒன்பது நாள் பயணத் தூரத்திலிருந்தே கண்டோம் என்று ஓரிடத்தில் சொல்கிறார். இது நடக்கக் கூடியதா? விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தோழி ஒருத்தியிடம் கேட்டேன். பூமி உருண்டை என்பதால் ஓர் உயரமான இடம் கடலில் எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்பதைக் கணக்கிடலாம். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். மலையின் உயரம் 2,243 மீற்றர். அதன் வர்க்கமூலம் 47.4 அளவில். பெருக்கினால் ஏறக்குறைய 169 கிலோமீற்றர். பாய்மரத்தின் மேலிருந்து பார்ப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். ஆனால் ஒன்பது நாள் தூரத்திலிருந்து பார்க்க வழியில்லை. ஒன்பதாம் நாள் மலை தெரிந்தது என்பதே, நினைவிலிருந்து சொல்லும்போது ஒன்பது நாள் தூரத்தில் தெரிந்தது என்று மாறியிருக்கலாம்.

இப்படிச் சொல்வதால் அவர் பொய் சொன்னார் என்று ஆகாது. மனித நினைவு வேலை செய்யும் விதம் அது. பயண நூலை மதிப்பதும் அதைச் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கல் சொன்ன சாட்சி

மலையிலிருந்து இறங்கிய குழு தெற்கே தீனவர் எனப்பட்ட தெவிநுவரவுக்குச் சென்றது. அங்கிருந்த பெருங் கோயிலில் ஆயிரம் பிராமணரும் யோகியரும், ஐந்நூறு ஆடல் மகளிரும் இருந்தனர் என்றும், பொற்சிலையின் கண்களாக இரு மாணிக்கங்கள் இருந்தன என்றும் எழுதியிருக்கிறார். இந்த எண்ணிக்கைகளைச் சரிபார்க்க எம்மால் இயலாது. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்துவிட்டார்கள்.

ஆனால் அவ்வூரின் கோயில் புகழ்பெற்றது என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. 1911இல் காலியில் ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய அது 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீன மொழிப் பகுதி புத்தருக்கான காணிக்கைகளையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கான காணிக்கைகளையும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபிலான காணிக்கைகளையும் சொல்கின்றன. இன்று அக்கல் கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. ஒரு பயணியின் கூற்றை, அவர் அறியாத இன்னொரு சான்று தாங்கி நிற்கும்போதுதான் வரலாற்று மாணவிக்கு நம்பிக்கை வருகின்றது.

பின்னர் அக்குழு காலிக்கு வந்தது. அங்கே கப்பல் தலைவர் இப்ராஹீம் என்ற முஸ்லிம் ஒருவர் தம் வீட்டில் அவர்களுக்கு விருந்தளித்தார். அதன் பின் கொழும்பு. அதனை இந்நாட்டின் மிக அழகிய, பெரிய நகரங்களுள் ஒன்று எனப் புகழ்கிறார். அங்கிருந்து மூன்று நாளில் மீண்டும் புத்தளம். கரையில் அவரது கப்பல் அவருக்காகக் காத்திருந்தது.

எழுதப்படாதவர்கள்

சுற்றுலா முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக பஸ் வந்தபோது, இருட்டில் தூரத்தே மலையுச்சியின் விளக்கு வரிசை தெரிந்தது. யாத்திரைக் காலம் அது. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய விளக்குகள்தாம். அன்று அவை எனக்குப் புதிதாகத் தெரிந்தன.

மறுநாள் காலை கடையில் இருந்து, என் குறிப்புக் கொப்பியை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமை அண்ணன் கருவாட்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டார். யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரச ஆட்கள் பத்துப் பேர், சுமை தூக்கப் பதினைந்து பேர் என்று வாசித்தேன்.

"அந்தப் பதினஞ்சு பேருக்கும் எவ்வளவு கூலி குடுத்தாங்கன்னு அதுல போட்டிருக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். "பேரு?" என்றார். அதுவும் இல்லை.

"அப்ப எங்க கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை எடுக்கப் போய்விட்டார்.

மூன்று வாரம் வகுப்பில் அந்நூலைப் படித்தோம். ஊர்ப் பெயர்களை ஆராய்ந்தோம். தூரத்தைக் கணக்கிட்டோம். எங்கள் குழுவின் தலைப்பே மனிதர்கள் என்பதுதான். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பல்லக்கில் இருந்தவர் மலையின் கதையைச் சொன்னார். பல்லக்கைச் சுமந்தவர்களும் அதே மலையில்தான் ஏறினார்கள். அவர்களது கதை இல்லை. அக்குழுவில் ஒரு பெண்ணாவது இருந்ததாகவும் நூலில் இல்லை.

தேயிலைத் தோட்டங்களின் நடுவே வாழும் எங்களுக்கு இது விளங்காத செய்தியல்ல. எங்கள் மலைகளில் பாதை வெட்டியவர்கள், கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் பலரின் பெயரும் தோட்டத்துச் செக்ரோலைத் தாண்டி எந்த நூலிலும் ஏறவில்லை.

அன்று முதல் என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் தொடங்கினேன். எம்மை ஏற்றிச் சென்ற பஸ் சாரதி, உப்பளத்தில் விளக்கம் சொன்னவர், கஞ்சி குடித்த கதை சொன்ன தாய், நெத்தலி தந்த பெண், எங்கள் கடை நாட்டாமை அண்ணன். முதல் மூவரின் பெயரையும் கேட்டு வைக்க மறந்துவிட்டேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்துச் செல்லும் தங்கைகளுக்குச் சில குறிப்புகள்

1. போகும் ஊரைப் பற்றி முன்கூட்டியே ஏதேனும் ஒரு பழைய எழுத்தை வாசியுங்கள். வாசித்துவிட்டுப் பார்க்கும் கண் வேறு, வாசிக்காமல் பார்க்கும் கண் வேறு.

2. அன்றன்றே எழுதுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து எழுதினால் ஒன்பதாம் நாள், ஒன்பது நாள் தூரமாகிவிடும்.

3. கண்டது எது, கேட்டது எது எனப் பிரித்து எழுதுங்கள்.

4. ஊர்ப் பெயர்களை அவ்வூரார் சொல்லும்படியே கேட்டு எழுதுங்கள்.

5. உங்களோடு பேசியவர்களின் பெயரைக் கேளுங்கள். குறிப்பாக, சுமை தூக்கியவரின் பெயரை.

முடிவுரை

பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோரின் நிலையைப் பார்த்துப் படிப்பினை பெறும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கின்றது. அந்த அழைப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளை வெளியே அனுப்பப் பெற்றோருக்குள்ள அச்சத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது அன்பினால் வருவது. பொறுப்பான ஆசிரியைகளும், ஒழுங்கான ஏற்பாடும், மாணவியரின் நல்லொழுக்கமும் சேரும்போது அந்த அச்சம் குறையும் என்பதை எமது இரண்டு நாட்கள் காட்டின.

கடற்கரைக்குப் போகத்தான் வேணுமா என்ற வாப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கின்றது. நூலில் படித்த கரையும் காலில் மிதித்த கரையும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் எனக்குப் பாடம் விளங்கியது. போய் வந்திராவிட்டால், நாட்டாமை அண்ணன் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

வாப்பா இப்போதெல்லாம் கருவாட்டு மூட்டையைப் பிரிக்கும்போது, "இது உடப்புப் பக்கத்து நெத்தலியா?" என்று லொறிக்காரரிடம் கேட்கிறார். வரும் நோன்புப் பெருநாள் விடுமுறைக்குக் குடும்பமாகக் கற்பிட்டிக்குப் போய் வரலாமா என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறார். அன்று வராத இரு தோழியருக்கும் என் கொப்பியைக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சுற்றுலாவின் அனுமதிக் கடிதம் வரும்போது, அவர்களது பெற்றோரும் இக்கட்டுரையை வாசித்திருப்பார்கள் என நம்புகிறேன்.